ஆள் பெயர் பதில் ஆகாது

வாளித் தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர் வொய் சார். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். பிறகு காதில் விழும்படியே சொன்னார்கள். கடைசியில் வாசல் காவலாளி, "வொய் சார் வந்துட்டார், கேட்டைத் திற" என்று உரக்கக் கத்தும் அளவுக்கு வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளதைச் சொன்னால் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. "இந்தக் கேட்டு ஏன் இழுக்கும்போது இப்படிக் கத்துது?" என்று காவலாளியிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனார்.

அவருக்குத் தரம் பார்க்கிற பிரிவில் வேலை. வாளி செய்வதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நாம் நினைப்போம். பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, மோல்டு என்கிற இரும்பு அச்சுக்குள் தள்ளி, ஆறவைத்து வெளியே எடுத்தால் வாளி. ஆனால் விளிம்பில் பிசிறு நிற்கும். அடிப்பாகம் அப்பளமாக மெலிந்திருக்கும். கைப்பிடி மாட்டுகிற காதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, வாங்கிப் போனவர் குளியலறையில் தண்ணீரோடு தூக்கும்போது பட்டென்று விட்டுவிடும். அவர் கடைக்காரரைத் திட்டுவார், கடைக்காரர் தொழிற்சாலையைத் திட்டுவார். திட்டு வந்து சேர்கிற கடைசி இடத்தில் வொய் சார் உட்கார்ந்திருப்பார். அந்தக் காது ஏன் விட்டது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் பிழைப்பு.

'வொய்' என்ற ஆங்கிலச் சொல் வருவதற்கு முன்பே அவருக்கு 'ஏன்' நல்ல பழக்கம். கேட்டுப் பழக்கமில்லை, வாங்கிப் பழக்கம். அவருடைய அப்பா 'ஏன்டா' என்று ஆரம்பித்தால் கை ஓங்கப்போகிறது என்று பொருள். "ஏன்டா லேட்டு?" பதில் சொன்னால், எதிர்த்துப் பேசுறியா என்று ஒன்று விழும். சொல்லாவிட்டால், வாய் ஊமையாப் போச்சா என்று இன்னொன்று விழும். பள்ளிக்கூடத்திலும் அதே கதை. வீட்டுப்பாடம் ஏன் எழுதவில்லை என்று கேட்ட எந்த வாத்தியாரும் அதற்கு ஒரு பதில் இருக்கும் என்று எதிர்பார்த்ததில்லை. பிரம்பை எடுக்கும்வரை வாய் சும்மா இருக்கக்கூடாதே என்று கேட்டவர்கள்தான் எல்லாரும்.

பெரியவர்கள் உலகத்தில் 'ஏன்' இன்னும் வேடிக்கையாக இருந்தது. அத்தை ஒருத்தி, "ஏன், எங்க வீட்டுக்கெல்லாம் வரமாட்டியோ?" என்பாள். காரணம் சொன்னால் முகம் தொங்கிவிடும். போய் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தால்தான் அது பதில். பக்கத்து வீட்டுக்காரர், "அதை ஏன் கேக்குறீங்க!" என்பார். கேட்கக்கூடாது போலிருக்கிறது என்று நாம் எழுந்தால் கையைப் பிடித்து உட்காரவைத்து முழுக் கதையையும் சொல்லி முடித்துத்தான் விடுவார். இப்படி ஊரில் கேட்கப்படுகிற ஏன்களில் முக்கால்வாசிக்குப் பதிலே தேவையில்லை. அது அவருக்குச் சின்ன வயதிலேயே புரிந்துவிட்டது. அதனால் யாராவது ஏன் என்றால் தலையைக் குனிந்துகொள்வார்.

அந்தத் தலை நிமிர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். அப்போது அவர் மெஷின் ஆப்பரேட்டர். கல்யாணமாகி, வீட்டில் கைக்குழந்தை. ஒரு நாள் காலை ஷிப்டில் ஒரு வாளி கீழே விழாமல் மோல்டிலேயே ஒட்டிக்கொண்டது. அவர் பார்ப்பதற்குள் மெஷின் மூடிக்கொண்டது. இரும்பு மோல்டு அடிபட்டு வடு விழுந்துவிட்டது. மோல்டு போனால் தொழிற்சாலைக்கு உயிர் போன மாதிரி. சூப்பர்வைசர் ஓடிவந்தார். "இவன் தூங்கிட்டான் சார்" என்று ஒரே வரியில் கேஸை முடித்தார். இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலை போய்விட்டது என்று மனசுக்குள் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அங்கே புதிதாக ஒரு மேனேஜர் வந்திருந்தார். அவர் யாரையும் திட்டவில்லை. எல்லாரையும் ஒரு போர்டு முன்னால் நிறுத்தினார். போர்டின் அடியில் ஆங்கிலத்தில் வொய் என்று எழுதி, அதன் மேலே மறுபடி வொய், அதன் மேலே மறுபடி வொய் என்று எழுதிக்கொண்டே போனார். கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார்கள்.

"மோல்டு ஏன் அடிபட்டுது?"

"வாளி ஒட்டிக்கிச்சு சார்."

"ஏன் ஒட்டிக்கிச்சு?"

"சூடு சரியா ஆறல."

"ஏன் ஆறல?"

"மோல்டைச் சுத்தி ஓடுற தண்ணி கம்மியா ஓடுது."

"ஏன்?"

"பில்டர்ல அடைப்பு சார்."

"ஏன் அடைச்சுது?"

சூப்பர்வைசருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கழுவ வேண்டிய ஹெல்ப்பர் கழுவல சார். அவன் எப்பவும் அப்படித்தான்."

மேனேஜர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "ஆள் பேர் பதில் ஆகாது" என்றார். "ஆள் பேர் வந்துட்டா நாம யோசிக்கிறதை நிறுத்திட்டோம்னு அர்த்தம். அவரை நிறுத்திட்டு வேற ஆளைப் போட்டா பில்டர் அடைக்காதா? ஏன் கழுவல, அதைச் சொல்லுங்க."

விசாரித்தால், பில்டரைக் கழுவச் சொல்லி அந்த ஹெல்ப்பரிடம் யாருமே சொன்னதில்லை. அது யாருடைய வேலையாகவும் இல்லை. மேனேஜர் அதோடு விடவில்லை. எழுதியதை மேலிருந்து கீழே வாசித்தார். கழுவும் ஏற்பாடு இல்லை, அதனால் அடைப்பு. அடைப்பு, அதனால் தண்ணீர் கம்மி. தண்ணீர் கம்மி, அதனால் சூடு ஆறவில்லை. ஒவ்வொரு 'அதனால'விலும் நின்று, "இது நிக்குதா?" என்று எல்லாரையும் கேட்டார். நிற்காத இடம் இருந்தால் அழித்துவிட்டு மறுபடி யோசிக்க வேண்டும். ஏறும்போது ஏன், இறங்கும்போது அதனால. இரண்டிலும் தேறினால்தான் அது காரணம்.

இவர் கைகழுவும் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவுகிற சாக்கில் அழுதார். தெரிந்துகொள்வதற்காக ஒருவர் ஏன் என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்ததை அவர் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் விடவே இல்லை. மேனேஜர் வேறு வேலைக்குப் போய்விட்டார். போர்டை இவர் பிடித்துக்கொண்டார். ஆப்பரேட்டர் என்பதிலிருந்து தரப் பிரிவுக்கு வந்தார், அங்கேயே பெரியவரானார். அவர் இருந்த காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் தவறு நடந்ததற்காக ஒருத்தர் வேலையும் போகவில்லை. யாராவது ஒருவன் இன்னொருவனைக் கைகாட்டினால் போதும், "ஆள் பேர் பதில் ஆகாது" என்பார். ஷிப்ட் முடிந்து போகிற பெண்கள், "என் வீட்டுக்காரர் குடிக்கிறதுக்கும் ஒரு வொய் போடுங்க சார்" என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரிப்பார்.

வீட்டில் இந்தப் பருப்பு அவ்வளவு சுலபமாக வேகவில்லை. மனைவி, "ஏங்க" என்று கூப்பிட்டால் மற்ற வீட்டு ஆண்கள் 'ம்' என்பார்கள். இவர் மட்டும்தான், "என்ன காரணம்?" என்பார். சாப்பாட்டில் உப்பில்லாத நாளில், "ஏன் உப்பில்ல?" என்று கேட்டார்.

"நான் போடல, அதான்."

"ஆள் பேர் சொல்லக்கூடாது. ஏன் போடல?"

"அப்ப உப்பு டப்பாவையே கேளுங்க. அதுக்குத்தான் வாய் இல்ல, பொறுமையா இருக்கும்" என்றாள் அவள். அந்த வீட்டில் அவருக்குச் சரியான ஜோடி.

மகளுக்கு மட்டும் அப்பாவின் கேள்வி பிடித்திருந்தது. ஒரே மகள். அவள் சின்ன வயதில் கண்ணாடி டம்ளர் ஒன்றை உடைத்துவிட்டு மூலையில் நின்றபோது, அவர் துடைப்பத்தோடு வந்து, "ஏன் உடைஞ்சுது?" என்று உட்கார்ந்து கேட்டார். கை ஈரம். ஏன் ஈரம்? துடைக்கத் துணி இல்லை. துணி ஏன் இல்லை? அது பின்பக்கக் கொடியில் கிடக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்துத் துணியை மாட்டிவிட்டார். அதோடு சரி, திட்டும் இல்லை, அடியும் இல்லை. வகுப்பில் அவளுடைய தோழிகள் இதைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள். தன் அப்பாவிடம் வாங்கியதை மகளுக்குக் கொடுக்காமல் நிறுத்தினார் பாருங்கள், அந்த ஒன்றுக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். பின்னால் வரப்போவதைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மகள் படித்து, கண்ணாடிக் கடை ஒன்றில் கண் பரிசோதிக்கிற வேலைக்குப் போனாள். கல்யாணமும் ஆனது. மாப்பிள்ளை ஒரு கூரியர் கம்பெனியின் கிளையைப் பார்த்துக்கொள்கிறவர். பேச்சில் தேன். மாமா மாமா என்று உயிரை விடுவார். மாமாவின் தொழில் ரகசியத்தைக் கேட்டு, "சூப்பர் மாமா, எங்க ஆபீஸ்லயும் இதைக் கொண்டுவரணும்" என்பார். மாமனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இளம் தம்பதி நகரத்தின் மறுமுனையில் குடியிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தனியாக வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. அம்மாவிடம் சொன்னாள், அம்மா அப்பாவிடம் சொன்னாள். அவர் அடைந்த பதற்றம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் பதறுகிற இடத்தில் யோசிக்க வேண்டும் என்பது அவர் தொழில். மகளைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தார், டம்ளர் உடைந்த அன்று உட்காரவைத்த மாதிரியே.

"ஏன்மா அடிச்சார்?"

"சாப்பாடு வைக்க லேட்டாயிடுச்சு."

"ஏன் லேட்டு?"

"நான் வீட்டுக்கு வந்ததே லேட்டு."

"ஏன்?"

"பஸ்ஸு சரியா வரலப்பா. அந்த ரூட்ல எப்பவும் அப்படித்தான். ஆனா அவர்..."

"ஆள் பேர் வேண்டாம்மா."

அவள் நிறுத்திக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து பழகிய சட்டம், உடனே நிறுத்திக்கொண்டாள். மறுவாரம் அவர் மகளுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தார். ஆமாம், ஸ்கூட்டர். படிக்கிற நமக்குக் கோபம் வருகிறது. வரட்டும். அவருடைய மனைவிக்கும் வந்தது. "மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஆளைக் கேட்டா ஆள் முறைச்சுக்குவார். காரணத்தைச் சரிபண்ணினா எல்லாம் சரியாகும்" என்று அவர் பொறுமையாக விளக்கினார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

சில மாதம் கழித்து இரண்டாவது தடவை. இந்தத் தடவை முதுகில். மேசை, நாற்காலி, ஏன். மாப்பிள்ளைக்குக் கோபம். ஏன் கோபம்? தூக்கமில்லை. ஏன் தூக்கமில்லை? மேல் வீட்டுக்காரர்கள் நேரம் காலம் தெரியாமல் நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறார்கள். ஏன் அவ்வளவு சத்தம்? நாற்காலிக் காலில் ரப்பர் இல்லை. வொய் சார் தொழிற்சாலைக் கிடங்கிலிருந்து நல்ல தடிமனான ரப்பர் மூடிகளைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். முன்பின் தெரியாத அந்த மேல் வீட்டில் தரையில் மண்டியிட்டு, அவர்கள் வீட்டு நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டு ஒவ்வொரு காலுக்கும் ரப்பர் மாட்டினார். மேல் வீட்டுக்காரர் நல்ல மனிதர், டீ கொடுத்தார். கீழே வந்தபோது மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி மாமா யாருக்குக் கிடைப்பாங்க" என்றார். பின்னால் நின்ற மகளின் முகத்தை அவர் கவனிக்கவில்லை. விரிசலைக் கண்டுபிடிக்கிற கண், அன்றைக்கு அதைப் பார்க்கத் தவறிவிட்டது.

மூன்றாவது தடவை அவள் ஒரு விடுமுறை நாள் காலையில் வந்தாள். கையில் பெட்டி. இன்னொரு கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாவுக்கட்டு. அவர் சட்டையைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார்.

"எதுல வந்தே? ஸ்கூட்டர் எங்க?"

"இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படிப்பா ஓட்டுறது? பஸ்லதான் வந்தேன். சரியான நேரத்துக்கு வந்துச்சு" என்றாள்.

மனைவி மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "இன்னைக்கு நீங்க வாயைத் திறந்தீங்கன்னா, அவளைக் கூட்டிக்கிட்டு நான் எங்கயாவது போயிடுவேன்" என்றாள். அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். வாயைத் திறக்காமல்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் மகளே பேசினாள்.

"நீங்க கேக்க வேண்டாம், நானே சொல்றேன். வேலையிலிருந்து நேரத்துக்கு வந்தேன். நேரத்துக்குச் சாப்பாடு வச்சேன். மேல் வீட்ல ஒரு சத்தம் இல்ல, அவர் நல்லாத் தூங்கி எழுந்திருந்தார். கூட வேலை செய்யற பொண்ணு போன் பண்ணினா. ஏதோ சொன்னா, நான் சிரிச்சேன். அவ்வளவுதான். போனைப் பிடுங்கும்போது கையை முறுக்கிட்டார்."

அவருடைய வாய் தன்னால் திறந்தது. "ஏன்..." என்று தொடங்கிவிட்டார்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் நாக்கு நுனியில் நின்றது 'சிரிச்சே' என்ற சொல். ஏன் சிரிச்சே. தன் காதிலேயே அது விழுந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் கேட்ட ஏன்களில், முடிக்காமல் விழுங்கிய ஏன் அது ஒன்றுதான்.

மகள் கோபப்படவில்லை. அதுதான் அவரை இன்னும் வாட்டியது. போர்டு முன்னால் நிற்கிற ஆள் மாதிரி நிதானமாகப் பேசினாள். "அப்பா, மேலே ஏறும்போது ஏன், கீழே இறங்கும்போது அதனால. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? நம்ம வீட்ல நீங்க ஒரு தடவைகூட இறங்கவே இல்லையே. இப்ப இறங்குங்க. பஸ்ஸு லேட்டு, அதனால நான் லேட்டு. இது நிக்குதா?"

"நிக்குது."

"நான் லேட்டு, அதனால சாப்பாடு லேட்டு. நிக்குதா?"

"நிக்குது" என்றார்.

"சாப்பாடு லேட்டு, அதனால அடிச்சார். நிக்குதாப்பா?"

அவர் மகளின் கன்னத்தைப் பார்த்தார்.

"நான் வந்த பஸ்லயே எத்தனையோ பேர் வந்தாங்க. எல்லாரும் லேட்டு. அவங்க வீட்ல எல்லாம் சாப்பாடும் லேட்டு. எல்லார் வீட்லயும் கன்னம் வீங்கிச்சா?"

தொழிற்சாலையில் ஒரு புது ஆப்பரேட்டர்கூட இந்த இடத்தில் கை தூக்கி, 'நிக்கல சார்' என்று சொல்லியிருப்பான். அவ்வளவு வெளிப்படையான ஓட்டை. அதன் மேல் ஒரு ஸ்கூட்டரை நிறுத்தி, ரப்பரை ஒட்டி மூடியிருக்கிறார் அவர். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. மகளின் கட்டுப் போட்ட கையைத் தொடப் போனார், தொட உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் கையை மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

"முதல் தடவையே சொல்ல வந்தேன்பா. ஆள் பேர் வேண்டாம்னுட்டீங்க" என்றாள் அவள். அப்போதுதான் அழுதாள்.

அவரும் அழுதார். மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள், யாராவது ஒருவர் வேலை பார்க்க வேண்டுமே.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் ஒரு பை நிறையப் பழம். மகள் உள் அறைக்குள் போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். அவளுக்கு அப்பா மேல் முழு நம்பிக்கை வரவில்லை. வரவும் நியாயமில்லை. அவர் தலையாட்டி அனுப்பிவைத்துவிட்டால் அவள் எங்கே போவாள்? நேற்று அழுத அப்பா இன்றைக்குப் புதிதாக ஒரு காரணம் கண்டுபிடிக்க மாட்டார் என்று என்ன நிச்சயம்?

"வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்றார் வொய் சார்.

மாப்பிள்ளை உட்கார்ந்தார். தயாராகத்தான் வந்திருந்தார். "தப்புதான் மாமா. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பாருங்க, ஏன் இப்படி நடந்துச்சுன்னு நானே உக்காந்து யோசிச்சேன், நீங்க யோசிப்பீங்களே அந்த மாதிரி. ஆபீஸ்ல இப்ப பயங்கர டென்ஷன். மேலே இருக்கிறவர் தினமும் எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிக்கிறார். ஏன்னா டெலிவரி லேட்டு. டெலிவரி ஏன் லேட்டுன்னா வண்டி பத்தல. வண்டி ஏன் பத்தலன்னா..."

அவர் சொல்லிக்கொண்டே போனார். நன்றாகத்தான் சொன்னார். போர்டு இருந்திருந்தால் அழகாக எழுதலாம். "நீங்களே சொல்லுவீங்களே மாமா, ஆளைக் குறை சொல்லக்கூடாது, காரணத்தைத்தான் பாக்கணும்னு" என்று முடித்தார்.

ஒரு ஹெல்ப்பரின் வேலையைக் காப்பாற்றிய வாக்கியம் அது. வொய் சாரின் வேலையையும் காப்பாற்றியது. அதை இந்த வாயில் கேட்டபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெரியாது.

"உங்க மேலதிகாரி உங்களை ரொம்பப் பேசுறாரா?"

"அதை ஏன் கேக்குறீங்க மாமா! வாயைத் திறந்தாலே அசிங்கம் அசிங்கமா."

"கோவம் வருமே?"

"வராமலா? ரத்தம் கொதிக்கும்."

"அவரை அடிச்சீங்களா?"

மாப்பிள்ளை சிரித்தார். மாமா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். "இல்ல."

"ஏன்?"

பதிலுக்காகக் காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தொழிற்சாலையில் எத்தனையோ மௌனங்களை உட்கார்ந்தே கரைத்தவர். சமையலறையில் மனைவி கரண்டியை வைத்துவிட்டு நின்றாள். மாப்பிள்ளை பழப் பையை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார்.

"அவரை எப்படி மாமா அடிக்க முடியும்?" என்றார் கடைசியில்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். முகம் செத்துவிட்டது. இதற்கு மேலே இன்னொரு ஏன் போட வொய் சாருக்குத் தோன்றவில்லை.

மகள் கதவோரத்திலிருந்து கூடத்துக்கு வந்தாள். "நான் வரல" என்றாள், நின்றபடியே.

மாப்பிள்ளை சட்டென்று எழுந்தார். தேன் எல்லாம் வற்றிப்போன குரலில், "ஏன்? ஏன் வரமாட்டே? ஒரு காரணம் சொல்லு பாப்போம்" என்றார்.

"நீங்கதான்."

"பாருங்க மாமா" என்று அவர் மாமனார் பக்கம் திரும்பினார். சமையலறை வாசலிலிருந்து மனைவியும் பார்த்தாள். மகளும் அப்பாவைத்தான் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து இந்த வீட்டில் செல்லாத ஒரு பதிலைச் சொல்லிவிட்டு, அது இன்றைக்காவது செல்லுமா என்று பார்த்தாள்.

"பதில் சரிதான் மாப்பிள்ளை" என்றார் அவர். பழப் பையை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார், கதவை அகலத் திறந்தார். "கிளம்புங்க."

வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் 'போயிட்டு வாங்க' என்று சொல்லி அனுப்புகிறவர் அவர். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.